நாற்பது குதிரைக்குக் கடிவாளம் எங்கே?

ஒருவர் புதுப் படகு இறக்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் கரையில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். அடுத்து, "யமஹாவா, சுசுகியா?" அதற்கடுத்து விலை. "படகு எப்படித் திரும்பும்?" என்று யாரும் கேட்பதில்லை. பைக் வாங்குகிறவர்களும் இப்படித்தானே... மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி என்று ஆயிரம் கேள்வி. பிரேக்கைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கிடையாது!

எச்.பி. என்றால் குதிரைத்திறன். ஒரு குதிரை வாங்குகிறவர் கூடவே கடிவாளமும் வாங்குவார். நாற்பது குதிரைகளை ஒன்றாகப் பூட்டிவிட்டு, "கடிவாளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? கடலில் மட்டும் ஏனோ யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கடிவாளத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. படகின் பின்புறம் தொங்கும் உந்துகாலைத் திருப்புகிற ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பற்றியது. பி.காம். படிக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் குழாய் என்று ஆரம்பிக்கும் இந்த விஷயம் கடைசியில் கணக்குப் புத்தகத்தில்தான் போய் முடிகிறது.

சுக்கான் இல்லாத படகு

பெரிய விசைப்படகுகளில் என்ஜின் உள்ளே இருக்கும். அடியில் புரொப்பல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். புரொப்பல்லர் தள்ளும், சுக்கான் திருப்பும். இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் மாதிரி.

அவுட்போர்டு மோட்டாரில் அப்படி இல்லை. என்ஜின், தண்டு, புரொப்பல்லர் எல்லாம் ஒரே பொட்டலமாகப் படகின் பின்பலகையில் தொங்குகிறது. சுக்கானே கிடையாது. மோட்டாரையே இடமும் வலமுமாகத் திருப்பினால் படகு திரும்பும். அமெரிக்காவில் ஓல் எவின்ரூட் 1909-ல் இதை வியாபாரமாகத் தொடங்கினார். பிறகு 1959-ல் வோல்வோ பென்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இதில் என்ஜின் படகுக்குள்ளே இருக்கும், உந்துகால் மட்டும் வெளியே தொங்கும். இதைத்தான் அவுட்டிரைவ் என்றும் ஸ்டெர்ன்டிரைவ் என்றும் சொல்கிறார்கள். திருப்பும் முறை அவுட்போர்டைப் போலவேதான். உந்துகால் திரும்பினால் படகு திரும்பும்.

இதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று, தள்ளுகிறவனே திருப்புகிறவனாகவும் இருப்பதால் என்ஜின் நின்றுவிட்டால் திருப்பும் சக்தியும் ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு, புரொப்பல்லர் ஒரு பக்கமாகவே சுற்றுவதால் உந்துகாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் சாதாரண புரொப்பல்லர் என்றால் படகு வலப்பக்கமாக இழுக்கும். பத்து எச்.பி. வரை இந்த இழுப்பைக் கை தாங்கிக்கொள்ளும். நாற்பதில் தோள் வலிக்கும். நூறைத் தாண்டினால் மனிதக் கையை மட்டும் நம்புவது ஆபத்து. ஒரு நொடி பிடி நழுவினால் உந்துகால் சட்டென்று ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடிக்கும். அதில் நின்றுகொண்டிருப்பவர் தண்ணீரில் விழுவார்... அதே படகு சுற்றிக்கொண்டு அவரை நோக்கியே திரும்பி வரும்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய பேருந்தில் நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போனவர்கள், வளைவுகளில் டிரைவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து ஸ்டீயரிங்கைச் சுற்றியதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பேருந்துக்குக் கீழே தார்ச்சாலையாவது ஆடாமல் இருந்தது. படகுக்குக் கீழே இருக்கிற சாலையே ஆடுகிறது!

குமரிக்கரைக்கு என்ஜின் வந்த கதை

இந்திய மீன்பிடியில் என்ஜின் நுழைந்த வரலாற்றில் பக்கத்து ஊரான கொல்லத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1952-ல் நார்வேயோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்தோ-நார்வீஜியத் திட்டம் வேலையைத் தொடங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு இணைந்தது.

கட்டுமரமும் வள்ளமும் ஓடிய கரையில் அவுட்போர்டு மோட்டார் பரவலானது 1980-களில்தான். அந்த ஆண்டுகளில் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டன. அலை அடிக்கும் கரையில் நேராக ஏற்றி இறக்கக்கூடிய, மோட்டார் பொருத்தத் தோதான சிறிய படகுகள் அவை. அந்த முயற்சியில் இருந்த பியர் ஜில்லே, 1985-ல் தன் அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதினார். நாகர்கோவிலிலிருந்து வெளிவந்த அதன் பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறியது கஷ்டமானது! பொருளாதாரம் படிக்கிற எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் ஷூமாக்கரின் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' புத்தகத்தை லேசாகக் கிண்டலடிக்கும் பெயர். நல்ல பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அதை ஒரு கரையின் பழக்கமாக்குவது மீதி வேலை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட சிஃப்ஸ் என்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதையும் மோட்டார் பழுதுபார்ப்பதையும் கையில் எடுத்தது. இது முக்கியமான விஷயம். மோட்டாரை விற்றுவிட்டுப் போவது எளிது. உதிரிபாகமும் மெக்கானிக்கும் கரையிலேயே கிடைக்கச் செய்வதுதான் கடினம். அது நடந்ததால்தான் இன்று எந்த ஊரிலும் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறார்.

ஆனால் மோட்டார் வளர்ந்த அளவுக்கு அதைத் திருப்பும் ஏற்பாடு வளரவில்லை. 9.9 எச்.பி. மோட்டாரின் கைப்பிடி அந்தச் சக்திக்கு அளவானது. வடக்கே கேரளத்தில் பெரிய வலை வள்ளங்களில் நாற்பது எச்.பி. மோட்டார்கள் ஒன்றுக்கு மேல் ஓடுகின்றன. சுற்றுலாப் படகு, ரோந்துப் படகு என்று வந்தால் எண்கள் இன்னும் மேலே போகும். அங்கேயும் "கை இருக்கிறதே, போதாதா?" என்ற மனநிலைதான் சிக்கல்.

எண்ணெய் செய்யும் வேலை

ஹைட்ராலிக் என்றதும் பயப்பட வேண்டாம். காலேஜ் வாசலில் நிற்கும் பைக்குகளின் டிஸ்க் பிரேக் இருக்கிறதே, அதே தத்துவம்தான். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஜேசிபி கையைத் தூக்குவதும், சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்குவதும் இதே வித்தைதான்.

படகில் இதற்கு மூன்றே உறுப்புகள். முன்னால் ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னே ஒரு பம்ப். பின்னால் உந்துகாலோடு இணைந்த ஒரு சிலிண்டர். இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஹோஸ். வீலை வலப்பக்கம் சுற்றினால் பம்ப் ஒரு ஹோஸ் வழியே எண்ணெயைத் தள்ளும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும், உந்துகால் திரும்பும். மறுபக்க எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியே பம்புக்குத் திரும்பி வரும். இடப்பக்கம் சுற்றினால் எல்லாம் தலைகீழ்.

இதில் அழகான அம்சம், பம்போடு இருக்கும் பூட்டு வால்வு. வீலிலிருந்து உந்துகாலுக்குக் கட்டளை போகும். உந்துகாலின் இழுப்பு வீலுக்குத் திரும்பி வராது. புரொப்பல்லர் எவ்வளவு இழுத்தாலும் உந்துகால் வைத்த இடத்தில் நிற்கும். கையை எடுத்துத் தண்ணீர் குடித்தாலும் படகு சட்டென்று சுழன்றுவிடாது. கேபிள் ஸ்டீயரிங்கில் இந்த வசதி சாதாரணமாகக் கிடையாது. மேலும் கேபிளுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து துரு ஏறினால் அது இறுகிக்கொள்ளும். இறுகுவது பெரும்பாலும் நடுக்கடலில்தான் தெரியவரும்.

பொருத்துவதில்தான் இருக்கிறது பொருள்

பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நல்ல கருவியைத் தப்பாகப் பொருத்துவது, கருவி இல்லாமல் இருப்பதைவிட மோசம். இல்லாதபோது ஆள் ஜாக்கிரதையாக இருப்பார். இருக்கிறது என்று நம்பினால் வேகமெடுப்பார்.

முதலில் அளவுப் பொருத்தம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சிலிண்டர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர 140 கன செ.மீ. எண்ணெய் வேண்டும் என்று வையுங்கள். பம்ப் ஒரு சுற்றுக்கு 28 கன செ.மீ. தள்ளுகிறது. 140-ஐ 28-ஆல் வகுத்தால் 5. ஆக, முழுக்கத் திருப்ப ஐந்து சுற்று. பம்ப் 20 கன செ.மீ. மட்டுமே தள்ளினால் ஏழு சுற்று. 35 தள்ளினால் நான்கு சுற்று. ஏழு சுற்று என்றால் கைக்குச் சுகம், ஆனால் தாமதம். நான்கு சுற்று என்றால் வீல் கனக்கும், ஆனால் படகு சீக்கிரம் திரும்பும்.

எது வேண்டும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும். அமைதியான காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற படகுக்கு ஏழு சுற்று பரவாயில்லை. ஆனி, ஆடிக் கடலில் பொழிமுகம் தாண்டுகிற படகு, பக்கவாட்டில் அலை எழும்போது அணியத்தை அந்த அலைக்கு நேராகத் திருப்பியாக வேண்டும். அந்த நேரத்தில் ஏழு முறை வீல் சுற்றிக்கொண்டிருந்தால் நாலாவது சுற்றிலேயே படகு கவிழ்ந்திருக்கும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றாலே பாதுகாப்பு என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அந்தக் கடலுக்கு அளந்து தேர்ந்தெடுத்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங்தான் பாதுகாப்பு.

அடுத்தது காற்று. எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்று சுருங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி தங்கினாலும் வீல் பஞ்சு மாதிரி அமுங்கும், உந்துகால் தாமதமாகத் திரும்பும். பிரேக் பிடிக்கும்போது லிவர் கைக்குள் சப்பென்று போகுமே, அதே கதை. அதனால் மேலே பம்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, சிலிண்டரில் உள்ள திருகைத் திறந்து, ஒரு பக்கமாக வீலைச் சுற்றிக் குமிழி வருவது நிற்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு மறுபக்கமும் அப்படியே. பொறுமைதான் இதற்கு முக்கியக் கருவி. எண்ணெய் தயாரிப்பாளர் சொன்னதாகவே இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

மூன்றாவது ஹோஸ். உந்துகால் இடம், வலம் திரும்புவதோடு மேலும் கீழும் தூக்கப்படுகிறது. அதனால் கடைசி வரை இடம், கடைசி வரை வலம், முழுக்கத் தூக்கிய நிலை, இறக்கிய நிலை என எல்லா நிலையிலும் ஹோஸ் இழுபடாமல், மடங்காமல், எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரும் பின்பலகையில் இடிக்கக் கூடாது. கரையில் நிற்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. இதைச் செய்யாமல் விட்டால் உரசும் இடத்தில் ஹோஸ் மெதுவாகத் தேயும். ஒருநாள் எண்ணெய் முழுக்கக் கடலில் போகும்.

நான்காவது, அவுட்டிரைவ் உள்ள படகுகளுக்கு மட்டும். அதில் ஏற்கெனவே என்ஜின் உதவியோடு இயங்கும் பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஹைட்ராலிக் சிலிண்டர் அந்த உதவிக் கருவியின் வால்வை மட்டும் அசைத்தால் போதும். இல்லாவிட்டால் உந்துகாலையே தள்ள வேண்டும். இரண்டுக்கும் சிலிண்டர் வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதில் மாட்டினால் ஒழுங்காக வேலை செய்யாது.

கடைசியாக, போல்ட்டும் நட்டும். தளராத பூட்டு நட்டுகள் போட்டிருக்க வேண்டும். கரையிலேயே வீலைக் கடைசி வரை சுற்றி அழுத்திப் பிடித்து, எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறு படகுகளின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்கென்றே ஐஎஸ்ஓ 10592 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒரு தனித் தரம் எழுதும் அளவுக்கு உலகம் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறது!

மறுப்பவர்களின் நியாயம்

"இதெல்லாம் பணக்கார நாட்டு உல்லாசப் படகுக்குச் சரி. எங்கள் வள்ளத்துக்கு எதற்கு?" என்று ஒரு மீனவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

சிறிய படகில் மோட்டாரை வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து கரையேற்றுகிறார்கள். சிலிண்டரும் ஹோஸும் பூட்டிய மோட்டாரைத் தினமும் கழற்றி மாட்ட முடியுமா? ஒவ்வொரு முறையும் காற்று புகும். கைப்பிடியில் கசிவதற்கு எதுவும் இல்லை, அடைப்பதற்கும் எதுவும் இல்லை. ஒரே அசைவில் படகு திரும்பும். கைப்பிடி வழியாகவே தண்ணீர் எப்படி இழுக்கிறது என்று கைக்குத் தெரியும். வீலில் அந்த உணர்வு வராது. போதாதற்கு வலை விரிக்க வேண்டிய இடத்தை ஸ்டீயரிங் மேடை பிடித்துக்கொள்ளும். விலையும் பல பத்தாயிரம் ரூபாய்.

இவை அத்தனையும் உண்மை. எனவே 9.9 எச்.பி. வள்ளத்தில் கைப்பிடியே இருக்கட்டும். அதை மாற்றச் சொல்வது அறிவுரை ஆகாது, வியாபாரம்தான் ஆகும். ஆனால் அந்த வள்ளத்துக்கும் ஒரு மலிவான கடிவாளம் இருக்கிறது. மோட்டாரோடு வரும் சிவப்புச் சுருள் கயிறு! ஒரு முனை மோட்டார் சுவிட்ச்சில், மறுமுனை ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ. அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு உருவிக்கொள்ளும், என்ஜின் அணைந்துவிடும். படகு சுழன்று வந்து அவரையே இடிக்காது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான, இந்தச் சுவிட்ச் உள்ள விசைப்படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இதை மாட்டிக்கொள்வது சட்டப்படி கட்டாயம். இங்கே அதை மாட்டுவதற்கு ஒரு பைசா செலவில்லை. பழக்கம் மட்டும்தான் வேண்டும்.

கரையில் நிரந்தரமாக மோட்டார் பூட்டியிருக்கும் பெரிய படகுகளுக்கு மேலே சொன்ன மறுப்புகள் பொருந்தாது. அதிலும் சம்பளம் வாங்கி ஓட்டுகிற ஒருவரை நம்பி, கடலே தெரியாத பயணிகள் உட்கார்ந்திருக்கும் படகு என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில், என்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல் கமல்' பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். என்ஜின் கோளாறுதான் காரணம் என்று கடற்படை அறிவித்தது. பழுது எந்த உறுப்பில் வந்தாலும் சரி, வேகமும் கட்டுப்பாடும் பிரிந்த சில நொடிகளில் என்ன நடக்கும் என்பதை நாடே வீடியோவில் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் கையில் இருந்த படகுக்கே அந்த நிலை.

கணக்கில் எங்கே எழுதுவது?

இனி காமர்ஸ் பாடம்.

பாரம்பரியப் படகுகளுக்கு என்ஜின் வாங்க அரசு மானியம் கொடுக்கிறது. மண்ணெண்ணெய்க்கு மானியம் உண்டு, டீசலுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு. வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் மானியம் என்பது ஒரு திசைகாட்டி. எதற்குக் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் பணம் ஓடும். சக்தியையும் எரிபொருளையும் மலிவாக்கினால் பெரிய மோட்டார் வாங்கத் தோன்றும். கட்டுப்பாட்டை முழு விலைக்கு விட்டுவிட்டால் அதைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். இதில் மீனவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைப்பட்டியல் அவரை அப்படித் தள்ளுகிறது.

இன்னொரு குழப்பம், எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. ஸ்டீயரிங்கைப் பலரும் என்ஜினின் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' மாதிரி நினைக்கிறார்கள். ஸ்டீரியோ, சீட் கவர் வரிசையில்! மூலதனச் செலவில் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டிய உருப்படி அது. வருடாவருடம் எண்ணெய், சீல், ஹோஸ் சோதனை என்று வருவாய்ச் செலவும் அதற்கு உண்டு. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவருக்குக் கைப்பிடி மலிவு. பத்து வருட மொத்தச் செலவைப் பார்க்கும்போது, பெரிய மோட்டாரில் ஒரு விபத்து, ஒரு ஆஸ்பத்திரி பில், ஒரு மாதம் கரையில் கட்டிப்போட்ட படகு, இவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது கணக்கு மாறும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. சுனாமி அடித்த நாடுகள் பலவற்றில் 'இத்தனை படகு கொடுத்தோம்' என்று எண்ணிக்கை காட்டும் போட்டி நடந்தது. அவசரத்தில் கட்டிய படகுகளின் தரத்தைப் பற்றி ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பே கவலை தெரிவித்தது. எண்ணிக்கை போட்டோவில் தெரியும், தரம் கடலில்தான் தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? மூன்றே விஷயம்.

ஒன்று, நாற்பது எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள மோட்டாருக்கு உதவி கொடுத்தால், அந்த உதவியிலேயே தரமான ஸ்டீயரிங்கும் அதைப் பொருத்தும் கூலியும் சேரட்டும். தனியாக ஒரு திட்டம், தனியாக ஒரு விண்ணப்பம் என்றெல்லாம் வேண்டாம். ஒரே பில்லில் வரட்டும்.

இரண்டு, பொருத்தத் தெரிந்த கைகள் கரையில் உருவாகட்டும். கொச்சியில் 1963 முதல் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. பைக் பிரேக்கில் காற்றெடுக்கத் தெரிந்த பையனுக்குப் படகு ஸ்டீயரிங்கில் காற்றெடுக்கக் கற்றுக்கொடுக்க எத்தனை நாள் ஆகிவிடும்? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாட்களைவிடப் பயிற்சிக்கும் சோதனைக்கும் நல்ல நேரம் கிடைக்காது. மோட்டார் மெக்கானிக் கரையிலேயே உருவான கதை மறுபடியும் நடக்கட்டும்.

மூன்று, பயணிகளை ஏற்றும் எந்த வேகப் படகும் சீசன் தொடங்கும் முன் ஸ்டீயரிங் சோதனை முடிந்த தேதியைப் படகிலேயே எழுதி ஒட்டட்டும். கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கப் பழகிவிட்டார்கள். அந்தத் தேதியையும் பார்க்கப் பழகிக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படித்துவிட்டு, விபத்துக்கெல்லாம் படகுக்காரர்தான் காரணம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்துவாரத்தில் மணல் மேடாகி, அலை எழும்பி அடித்ததில் பல மீனவர்கள் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். துறைமுகத்தைச் சரிசெய்யக் கோரி மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். பாதுகாப்பாக உள்ளே வருவதற்குத்தான் துறைமுகம். அதன் வாசலே ஆளைக் கொல்லும்போது உலகத்தின் எந்த ஸ்டீயரிங்கும் அதற்குப் பரிகாரம் ஆகாது. "நல்ல ஸ்டீயரிங் போட்டிருந்தால் தப்பித்திருப்பாரே" என்று ஒரு அதிகாரி சொல்லித் தப்பிக்க இந்தக் கட்டுரை உதவிவிடக் கூடாது. மணலை அள்ளுவதும் அலைத்தடுப்புச் சுவரைத் திருத்துவதும் அரசின் கடன். படகு சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அதற்கு மேல் உள்ள தேவை.

இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்துப் பேசுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கரையில் கேட்டால் துறைமுகம் சரியில்லை என்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டால் படகு சரியில்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அப்படியானால் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்த முறை யாராவது புதுப் படகு இறக்கினால், எச்.பி. எத்தனை என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: "ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று?" அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்தப் படகில் நம்பி ஏறலாம்.